எஃகில் எழுத்துச் செதுக்கியவர்

ஜெர்மனியின் நூரன்பர்க் நகரில் 1876-ஆம் ஆண்டு பிறந்த ருடால்ப் கோக், சிற்பியாயிருந்த தந்தையை இளமையிலேயே இழந்தார். ஹனாவ் நகரில் உலோகத் தொழில் பயின்று, 1906-இல் ஆபன்பாக் நகரத்து எழுத்து வார்ப்படச் சாலையில் அமர்ந்தார். முதல் உலகப் போரில் போர்வீரராகவும் பணியாற்றித் திரும்பினார்.

கலைஞர் வரைய, வேறொரு தொழிலாளி எஃகில் செதுக்குவதே அக்கால வழக்கம். எழுதுகோலில் புகழ்பெற்ற கோக், நாற்பதைக் கடந்தபின் உளியைத் தாமே கையிலேந்தத் துணிந்தார். முன்வரைபடம் ஏதுமின்றி நேரே செதுக்கினார். ‘புதுநிலம்’ எனப் பொருள்படும் ‘நொய்லாண்ட்’ என்னும் தடித்த, கோணம் மிகுந்த எழுத்து 1923-இல் பிறந்தது. அதில் ஓர் அளவு எழுத்து மற்றோர் அளவை முற்றும் ஒத்திராது; அவ்வேறுபாட்டில் அவர் கைத்தடம் இன்றும் காணலாம்.

மாணவர்க்கும் தம் கலையைக் கற்பித்த அப்பெரியார் 1934-இல், 57-ஆம் வயதில் ஆபன்பாக்கிலேயே மறைந்தார். கற்றதோடு அமையாது மீண்டும் கற்கத் துணிவார்க்கு அவர் வாழ்வு ஒரு விளக்கு.