பூச்சியினம் தொகுத்த பேரறிஞர் பேற்ஸ்

கல்வி என்பது கல்லூரி மதிலுக்குள்ளே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் ஒன்றன்று. இளமையிலேயே பள்ளியை விட்டு விலக நேர்ந்தும், வாழ்நாள் முழுவதும் மாணாக்கராகவே இருந்து அறிஞர் அவையில் உயர்ந்தோர் உளர். அவருள் ஒருவர் ஹென்றி வோல்ற்றர் பேற்ஸ். தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பிரதேசத்திலே பதினோராண்டு தங்கிப் பூச்சியினங்களைத் தேடித் தொகுத்து வகைப்படுத்திய இப்பெரியாரின் வரலாற்றை இம்மலரிற் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

பேற்ஸ் 1825ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 8ஆந் திகதி இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரிற் பிறந்தார். தந்தையார் காலுறை உற்பத்தித் தொழில் செய்தவர். பேற்ஸும் பதின்மூன்று வயதளவிற் படிப்பை நிறுத்தி, அத்தொழில் பழகுமாறு ஒரு வணிகரிடஞ் சேர்க்கப்பட்டார். காலை ஏழு மணிக்குப் பண்டசாலையைக் கூட்டுவதுடன் தொடங்கும் வேலை இரவு எட்டு மணிக்கே முடியும். அதன் பின்னர், தொழிலாளர் கல்விக்கழகத்து இரவு வகுப்புக்குச் சென்று இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு ஆகிய மொழிகளைக் கற்றார். ஓய்வு நாட்களில் அயலிலுள்ள காடுகளில் வண்டு தேடித் திரிந்தார். 1843இல் வண்டுகளைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை விலங்கியற் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டே.

மறு ஆண்டில் லெஸ்ரருக்கு ஆசிரியராக வந்தார் அல்பிரட் றசல் வொலஸ். பின்னாளில் டார்வினுடன் ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட அப்பேரறிஞருக்கு வண்டு சேகரிக்கும் ஆர்வத்தை ஊட்டியவர் பேற்ஸே. இருவருக்கும் செல்வமில்லை, அறிவுப் பசியோ பெரிது. அமேசன் காட்டுக்குச் சென்று உயிரினங்களைச் சேகரிப்பது, அவற்றை இலண்டனில் ஒரு முகவர் வாயிலாக விற்றுச் செலவை ஈடுசெய்வது, உயிரினங்கள் எவ்வாறு தோன்றின என்ற வினாவுக்கு விடை தேடுவது என இருவருந் துணிந்தனர். 1848 ஏப்பிரலிற் கப்பலேறி, மே 28இல் அமேசன் முகத்துவாரத்தை அடுத்த பாரா நகரை அடைந்தனர். சில காலத்தின் பின் இருவரும் வெவ்வேறு வழிப் பிரிந்தனர். வொலஸ் 1852இல் நாடு திரும்பினார், பேற்ஸ் தங்கிவிட்டார்.

அவர் பட்ட இன்னல்கள் பல. 1850இல், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 1,400 மைல் உள்ளேயுள்ள ஏகா என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கே ஓராண்டளவாகக் கடிதமும் பணமும் வரவில்லை. உடுத்த துணி கந்தலாயிற்று, காலணியின்றி நடந்தார், கையிலிருந்த பணமுங் களவு போயிற்று. 1851இல் பாராவிலே வொலஸின் தம்பி மஞ்சட் காய்ச்சலால் வீழ்ந்தபோது அருகிருந்து பராமரித்த பேற்ஸையும் அந்நோய் பற்றியது. அவ்விளைஞர் இறந்தார், பேற்ஸ் பிழைத்தெழுந்தார். எனினும் ஊர் திரும்பாமல், மீண்டும் ஆற்றின் வழியே உள்நாடு சென்றார். சந்தாரெம் என்னும் ஊரில் மூன்றரை ஆண்டும், ஏகாவில் எல்லாமாக நான்கரை ஆண்டும் அவர் பணி நடந்தது. பசியினும் நோயினும் அவரை வருத்தியது, கற்றவரோடு உரையாட வழியில்லாத தனிமையே.

உடல்நலங் குன்றி 1859இல் தாயகம் மீண்டபோது, அவர் சேகரித்த உயிரினங்களின் தொகை 14,712 எனக் கணக்கிடப்பட்டது. அவற்றுள் ஏறக்குறைய 14,000 பூச்சியினங்கள். அறிவியலுலகம் அதுவரை அறியாதவை 8,000. ஏகாவின் சுற்றாடலில் மாத்திரம் 550 வகை வண்ணத்துப்பூச்சிகளை அவர் கண்டார். பிரித்தானியத் தீவுகள் முழுவதிலும் எழுபது வகைகூட இல்லை என்பதை நோக்கின் இதன் பெருமை புலனாகும்.

ஆயினும் அவர் புகழ் தொகையால் வந்ததன்று, வகைப்படுத்தலால் வந்தது. மெல்லப் பறக்கும் ஒளிநிற வண்ணத்துப்பூச்சிக் குடும்பம் ஒன்றை அமேசன் காட்டிற் கண்டார். தீய சுவையுடையன ஆதலின் பறவைகள் அவற்றைத் தீண்டுவதில்லை. அக்கூட்டத்திடையே நிறத்தாலும் பறக்கும் இயல்பாலும் வேறுபாடு தோன்றாத சில பூச்சிகளும் இருந்தன. பேற்ஸ் கால்களை நோக்கினார். முன்னவற்றிற்கு முன்னங்கால் இரண்டுங் குறுகி நடத்தற்கு உதவா. பின்னவற்றிற்கு ஆறு கால்களும் முழுமையாய் இருந்தன. எனவே இவை வெண்ணிற வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கைப்புடையவற்றின் வேடம் பூண்டு பறவைகளின் வாய்க்குத் தப்புகின்றன எனத் துணிந்தார். இடத்துக்கிடம் மூலப்பூச்சியின் நிறம் மாற, போலியின் நிறமும் உடன் மாறுவதைத் தம் சேகரிப்பிலிருந்தே காட்டினார். வேடம் சிறிது பொருந்தியவை பிழைக்க, பொருந்தாதவை இரையாக, தலைமுறை தோறும் ஒப்புமை வளர்ந்தது என்பது அவர் விளக்கம். 1861இல் லின்னேயன் சங்கத்திற் படிக்கப்பட்ட அவ்வாய்வு, டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கைக்கு வலிய சான்றாயிற்று. டார்வினே அதனை வியந்து மதிப்புரை எழுதினார். பயண வரலாற்றை நூலாக்குமாறு ஊக்கியவரும் அவரே. அந்நூல் 1863இல் இரு பாகங்களாய் வெளிவந்தது.

இத்தகையவருக்குப் பிரித்தானிய நூதனசாலையில் அவர் வேண்டிய பதவி கிடைக்கவில்லை. விலங்கியற் பயிற்சியற்ற ஓர் இளங்கவிஞரே அவ்விடம் பெற்றார். பேற்ஸ் சோர்ந்திலர். 1864இல் அரச புவியியற் சங்கத்தின் உதவிச் செயலாளராகி, 1892 பெப்ரவரி 16இல் இறக்கும்வரை அப்பணியாற்றினார். அலுவலக வேலைக்கிடையே வண்டினங்களை ஆராய்ந்து எழுதிவந்தார். 1881இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார்.

பேற்ஸ் கண்ட இயல்பை நம் மாணவர் காண அமேசன் செல்ல வேண்டியதில்லை. எருக்கலையிற் புழுவாய் வளரும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைப் பறவைகள் விரும்புவதில்லை. அச்செடியின் நஞ்சு அதன் உடலில் உண்டு. அதனைப் போலவே தோன்றும் வேறோர் இனத்தின் பெண்பூச்சியும் இலங்கையில் உண்டு. ஆணோ வெண்புள்ளியுடைய கருநிறத்தது. இரண்டினத்தையும் ஒருவர் பிரித்தறிந்து, கண்ட இடமும் நாளுங் குறித்து வைப்பாராயின், அவர் பேற்ஸ் தொடங்கிய பணியிற் பங்கு கொண்டவராவர்.