ஸர் ராபர்ட் மக்காரிஸன்

நம் கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் சென்று, மலை இரயிலேறிக் குன்னூர் அடைவோர், ஆங்குள்ள பாஸ்டர் நிலையத்தை வெறிநாய்க்கடி மருந்தின் பொருட்டே அறிவர். அந்நிலையத்தின் ஓர் அறையில் 1918-ம் ஆண்டில் பிறிதொரு பணி தொடங்கிற்று. அதனைத் தொடங்கிய பெரியார் சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

மக்காரிஸன் 1878-ம் ஆண்டு அயர்லாந்தில் போர்ட்டடௌன் என்னும் ஊரிற் பிறந்தார். பெல்பாஸ்டில் வைத்தியம் பயின்று, 1901-ல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்தார். கில்கித் மலைநாட்டில் கழலை நோயின் காரணத்தை ஆராய்ந்த காலை, அசுத்த நீரின் வண்டலைத் தாமே பருகிச் சோதித்தார் என்பர். அத்துணிவு யாவர்க்கும் வாய்ப்பதன்று.

குன்னூரில் அவர் எடுத்துக்கொண்டது பெரிபெரி நோய். நன்கு தீட்டிய அரிசியையே உண்போரைப் பற்றும் இந்நோயின் ஆராய்ச்சி, உணவுக் குறைவால் வரும் நோய்கள் அனைத்தையும் பற்றிய விசாரணையாக விரிந்தது. அந்தோ! செலவைக் குறைக்குமாறு இஞ்ச்கேப் பிரபுவின் குழுவினர் கூறிய யோசனையை ஒட்டி, 1923-ல் அவ்விசாரணை நிறுத்தப்பட்டது. ஆராய்ச்சிக்கு ஆகும் பணம் கணக்கேட்டில் எழுதப்படும். நோயால் உழவனும் நெசவாளனும் இழக்கும் நாட்கூலியை எழுத எந்த ஏட்டிலும் பத்தியில்லை. ஆதலின் சிக்கனம் நாடுவோர் கை முதலில் ஆராய்ச்சியின் மீதே விழுகின்றது. ஈராண்டு கழித்து, 1925-ல், பணி மீண்டும் தொடங்கிற்று.

இதன்பின் அவர் செய்தவை நம்மவர்க்கு மிக நெருங்கியவை. நம் நகரின் விவசாயக் கல்லூரியில் 1909 முதல் நடந்துவரும் எருச்சோதனை வயல்களைச் சார்ந்து, சர்க்கார் விவசாய இரசாயனியாராகிய விசுவநாத் என்பாருடன் கூடி ஆராய்ந்து, தொழுவுரமிட்டு விளைந்த தானியம் சத்தில் மேம்பட்டதென 1926-ல் வெளியிட்டார். பல மாகாணத்தார் உண்ணும் உணவுகளை வெள்ளெலிகளுக்குத் தனித்தனியே ஊட்டியும் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், கீரை ஆகிய சீக்கியர் உணவை உண்டவை சராசரி 235 கிராம் நிறை பெற, சென்னை மாகாணத்து அரிசியுணவை உண்டவை 155 கிராம் அளவிலேயே நின்றன. நாம் நாணத்தக்க கணக்கு இது! கம்பும் கேழ்வரகும் விளைந்த கொங்குநாட்டிலும் வெள்ளரிசிச் சோறே கௌரவமென எண்ணத் தலைப்பட்டோமன்றோ?

இச்சான்றுகளைக் கைக்கொண்டே, விவசாயத்தை ஆராய வந்த லின்லித்கோ பிரபுவின் ராயல் கமிஷன் முன் அவர் வாதாடினார். மண், பயிர், கால்நடை, மனிதன் என்னும் நான்கும் ஒரே சங்கிலியாதலின், பயிர் வளர்ச்சிக்குப் பொருளீயும் சர்க்கார் அப்பயிரை உண்பவன் உடல்நலத்தை ஆராயவும் பொருளீதல் வேண்டும் என்பது அவர் வழக்கின் சாரம். மருந்துச்சாலை கட்டப் பணங்கேட்பார் பலர். நோய் வாராமைக்கு வழி தேடப் பணங்கேட்டவர் அந்நாளில் மிகச் சிலர். குன்னூர் விசாரணை 1928-ல் உணவு ஆராய்ச்சிச் சாலையாக உயர்ந்தது. அவரே அதன் முதல் தலைவரானார். 1933-ல் ஸர் பட்டம் பெற்று, 1935-ல் ஓய்வுற்றார்.

அவ்வாராய்ச்சிச் சாலை 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசீய ஊட்டச்சத்து நிலையம் என்னும் பெயருடன் சர்க்கார் பொருளுதவியால் நடைபெற்று வருகின்றது. மக்காரிஸன் துரையவர்கள் 1960-ம் ஆண்டு மே மாதம் ஆக்ஸ்போர்டு நகரிற் காலமாயினார்.