ஒற்றியூர் முதல் வடலூர் வரை: இராமலிங்க அடிகளாரின் அகப்பயணம்

கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் அறங்களுள் தலையாய அறமாகப் போற்றும் தமிழ்ச் சமணர் இல்லங்களில், வேற்று நெறியில் தோன்றியவராயினும் அன்போடு நினைக்கத்தக்க சான்றோர் வடலூர் வள்ளலார் எனப்பெறும் இராமலிங்க அடிகளார். பசித்தோர்க்குச் சோறிட்டவர் என்றும், அருட்பாப் பாடிய கவிஞர் என்றும் உலகம் அவரை அறியும். தம்மை வளர்த்தெடுத்த மரபையே தம் உள்ளுணர்வின் ஒளியில் வைத்து ஆராய்ந்து, அதன் புறத்தோட்டை விலக்கி உட்பொருளை மட்டும் கைக்கொண்டவர் என்பது அவரது வாழ்வில் அவ்வளவாகப் பேசப்படாத பகுதி. அந்த நெடும் பயணத்தின் முற்பாதி நிகழ்ந்த இடம் வடசென்னை.

பிறப்பும் இளமையும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாக அவர் பிறந்தார். முதலாண்டு நிறைவெய்தும் முன்னரே தந்தையார் மறைந்தார். கைக்குழந்தையோடும் மற்ற மக்களோடும் அன்னையார் பொன்னேரியை அடுத்த தம் பிறந்த ஊராகிய சின்னக்காவணத்திற்குச் சென்று, பின்னர்ச் சென்னையை அடைந்தார். கோட்டைக்குக் குடிநீர் வழங்கிய கிணறுகளால் பெயர்பெற்ற ஏழுகிணறுப் பகுதியில், வீராசாமிப் பிள்ளை தெருவில் அக்குடும்பம் குடியேறியது. மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராண விரிவுரை நிகழ்த்திக் குடும்பத்தைத் தாங்கினார்.

தமையனார் இளவலைத் தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் கல்வி பயில அனுப்பினார். சிறுவனோ பாடசாலையை விடுத்துக் கந்தகோட்டம் சென்று முருகனைப் பாடிக்கொண்டிருந்தான். அதனைக் கண்ட ஆசிரியர், இப்பிள்ளைக்குக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார் என்பர். தமையனார் சினந்தார், இளவலுக்கு உணவிட வேண்டாவென்று மனைவியார்க்கு உரைத்தார். அண்ணியாரோ கணவர் அறியாவண்ணம் சோறிட்டு அப்பிள்ளையைக் காத்தார். பசியின் கொடுமையும் அதனைத் தீர்க்கும் கையின் அருமையும் அக்காலத்திலேயே அவருள்ளத்தில் பதிந்திருத்தல் கூடும்.

பின்னர், படிப்பதாக வாக்களித்து மாடியறை ஒன்றைக் கேட்டுப் பெற்றார். சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. அதன் முன்னே ஒரு விளக்கு. வேறு படமோ படிமமோ இல்லை. அக்கண்ணாடியில் தணிகை முருகனின் காட்சியைக் கண்டார் என்று அவர்தம் வரலாறு கூறும். கண்ணாடி தன் முன் அமர்ந்தார் முகத்தையே காட்டும் இயல்பினது. அதனை வழிபாட்டுக்குரியதாகக் கொண்ட அச்சிறுவனின் உள்ளப்போக்கு எத்தகையது என்பது பல்லாண்டுகட்குப் பின் வடலூரில் விளங்கிற்று.

தமையனார் நோயுற்ற ஒரு நாள், சோமு செட்டியார் இல்லத்தில் பெரியபுராண விரிவுரையைத் தொடர இயலாது போகவே, இளவல் அனுப்பப்பெற்றார். பாடலைப் படித்துவிட்டு வருமாறு மட்டுமே பணிக்கப்பெற்ற சிறுவன், நூலின் தொடக்கச் சொல்லுக்கே இரவு நெடுநேரம் பொருள் விரித்தான் என்பர். ஒரு சொல்லினுள் அடங்கிக் கிடக்கும் உட்பொருளைத் தோண்டி எடுக்கும் பழக்கம் அவரைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை. பிற்காலத்தில் அதே சொல்லுக்கு அவர் உரைநடையிலும் விளக்கம் வரைந்துள்ளார்.

ஒற்றியூர் ஆண்டுகள்

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூர்வரை நடந்து சென்று தியாகராசப் பெருமானையும் வடிவுடையம்மையையும் வழிபடுவது அவருக்கு நாள்தோறும் உரிய கடமையாயிற்று. இராயபுரம், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை என்று இன்று சரக்குப்பெட்டி ஏற்றிய ஊர்திகள் வரிசை கட்டி நிற்கும் அவ்வழி, அந்நாளில் தோட்டமும் மணல்வெளியும் கடற்காற்றும் நிறைந்தது. 1856ஆம் ஆண்டு இராயபுரத்தில் தென்னாட்டின் முதல் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பெற்றபோதும் அடிகளார் சென்னையில்தான் வாழ்ந்தார்.

அவ்வூரின் தலமரபுகளும் அவர் உள்ளத்திற்கு இயைந்தவையே. புற்று வடிவாகிய மூலவர்மேல் ஆண்டு முழுவதும் கவசம் சார்த்தப்பட்டிருக்கும். கார்த்திகை முழுமதியை ஒட்டிய மூன்று நாள்களில் மட்டுமே அது விலக்கப்படும். கோயில்களின் வருவாயைக் குறைத்து அரசன் விடுத்த ஓலையில், ஒற்றியூரை மட்டும் விலக்கிவைக்கும் திருத்தத்தை இறைவனே வரிகளுக்கிடையே எழுதிவைத்தான் என்ற புராணமும் அங்குண்டு. அதனால் எழுத்தறியும் பெருமான் என்பது அவ்விறைவன் பெயராயிற்று. அப்பெயரால் ஒரு மாலையும், நூற்றொரு பாடல் கொண்ட வடிவுடை மாணிக்க மாலையும் அடிகளார் பாடியளித்தார்.

தேரடித் தெருவில் ஆடையற்ற துறவி ஒருவர் அமர்ந்திருந்தார் என்றும், போவோர் வருவோரை அவரவர் இயல்பிற்கேற்ப ஒவ்வொரு விலங்கின் பெயரால் சுட்டுவார் என்றும், இராமலிங்கர் கடந்து சென்றபோது மட்டும் இதோ ஒரு மனிதர் போகிறார் என்று உவந்து தம் உடலை மறைத்துக்கொண்டார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. உருவத்தால் மனிதராதல் வேறு, உள்ளத்தால் மனிதராதல் வேறு என்பதே அச்செய்தி உணர்த்துவது.

1849இல் தொழுவூர் வேலாயுத முதலியார் அவர்க்கு மாணாக்கரானார். 1850இல் உற்றாரின் வற்புறுத்தலால், தமக்கையார் மகள் தனக்கோடி அம்மையாரை அடிகளார் மணந்தார். எனினும் உள்ளம் இல்லறத்தில் ஈடுபடவில்லை. ஒழிவிலொடுக்கம், தொண்டைமண்டல சதகம், சின்மய தீபிகை ஆகிய நூல்களைப் பதிப்பித்தார். 1854இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை இயற்றினார். கன்றிழந்த பசுவின் பொருட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதையை அவர் எடுத்துக்கொண்டது, உயிர்கள் யாவும் ஒன்றென்னும் எண்ணம் அவர்க்கு அந்நாளிலேயே வேரூன்றியதைக் காட்டும்.

பசியென்னும் வாயில்

1858 அளவில் சென்னையை நீங்கி, வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கலானார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தோற்றுவித்தார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பெற்றது. சாதி, சமயம், ஊர் எதுவும் வினவாமல் பசியொன்றையே தகுதியாகக் கொண்டு அங்குச் சோறிட்டனர். அவ்வடுப்பு இன்றளவும் அணையாது எரிந்து வருகிறது.

சீவகாருணிய ஒழுக்கம் என்னும் நூலில், உயிரிரக்கமே வீட்டின்பத்தைத் திறக்கும் திறவுகோல் என அவர் நிறுவினார். ஓரறிவுயிரைப் பற்றிய அவரது ஆராய்ச்சி சமண நூல்களைப் பயின்றோர்க்குச் சுவை பயப்பது. பயிர்களுக்கும் உயிருண்டு என்பதை அவர் உடன்பட்டார். ஆயினும் அவற்றின் வித்து, காய், கனி, இலை ஆகியவற்றைக் கொள்ளுதல் நகமும் மயிரும் களைவதை ஒக்கும் என்றும், அதனை உயிர்க்கொலையாகிய புலாலோடு சமப்படுத்துதல் தகாது என்றும் விடை கண்டார்.

தருமச்சாலை தோன்றிய 1867ஆம் ஆண்டிலேயே திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின. அதற்கு அடிகளாரின் இசைவைப் பெறும்வரை நாளுக்கு ஒருபொழுதே உண்பதென நோன்பு பூண்டவர் இறுக்கம் இரத்தின முதலியார். நூல் வெளிவந்ததும், பழைய திருமுறைகளுக்கே உரிய அருட்பா என்னும் பெயரை ஒரு சமகாலத்தவர் பாடலுக்கு இடலாகாது என யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். அப்பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. அருளனுபவம் முன்னோரோடு முடிந்துவிட்டதா, இன்றும் ஒருவர் உள்ளத்தில் நிகழக்கூடியதா என்னும் வினாவே அவ்வழக்கின் அடியில் இருந்தது. நாவலர் மரபின் காவலர். அவர் அச்சமும் பொருளற்றதன்று. உள்ளுணர்வின் பெயரால் எவரும் எதையும் சொல்லலாம் என்றானால் நெறி குலையுமன்றோ? அவ்வினாவிற்கு அடிகளாரின் பின்வாழ்வே விடையாயிற்று.

ஞானசபை என்னும் நூல்

1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வடலூரில் சத்திய ஞானசபை திறக்கப்பெற்றது. எண்கோண வடிவினதாகிய அச்சபையின் உள்ளே மூர்த்தம் எதுவும் இல்லை. ஒரு விளக்கு, அதன் ஒளியை வாங்கிக் காட்டும் ஒரு கண்ணாடி, அவற்றை மறைத்துக் கருமை, நீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு நிறத்திரைகள். ஏழுகிணற்று மாடியறையின் கண்ணாடியும் விளக்கும் இங்கே சபையாக விரிந்தன.

கோயில் என்பது மனித உடம்பின் குறிப்பு என்பதே அடிகளாரின் கருத்து. தில்லையில் உள்ள சிற்சபையும் பொற்சபையும் மனிதனுக்குள்ளேயே அமைந்தவை. திரைகள் அறியாமையின் வகைகள். விளக்கு ஆன்ம ஒளி. புராணக் கதைகளையும் அவர் இவ்வாறே உடம்பினுள்ளும் உணர்வினுள்ளும் நிகழும் செயல்களின் குறியீடாகக் கொண்டு பொருள் உரைத்தார். கொலையும் புலாலும் தவிர்த்தவரே சபையினுள் புகுதல் வேண்டும் என்னும் விதி வாயிலில் நிலைபெற்றது. சாதி தடையாகாத அவ்வாயிலில் ஊனுணவு தடையாயிற்று.

விட்டுவிட்டதன் விலை

1873ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடியேற்றி அவர் நிகழ்த்திய பேருபதேசம், அவர் வாழ்வின் திருப்புமுனை. வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் ஆகியவை உண்மையை வெளிப்படையாகக் கூறாமல் குழூஉக்குறியாலே மறைத்து வைத்தன என்றும், அவற்றின் எழுத்திலேயே நின்றுவிட்டால் காலம் வீணாகும் என்றும் அவர் அறிவுறுத்தினார். சமயங்களின் மீதுள்ள பற்றையும் விடச் சொன்னார்.

அங்கே கூடியிருந்தோரிற் பலர் அவருடைய ஒற்றியூர்ப் பாடல்களைப் பாடி வளர்ந்தவர்கள். சைவத்தின்பால் தாம் கொண்டிருந்த பற்று அளவிறந்தது என்றும், தம் பழம்பாடல்களே அதற்குச் சான்று என்றும், அப்பற்று அறிவு முதிராத காலத்தது என்றும் அவர் வெளிப்படையாக உரைத்தார். பிறர் நூலை மறுப்பது எளிது. தமக்குப் பெயரும் அன்பரும் தேடித்தந்த தம் பாடல்களின் நிலையையே கடந்து வந்துவிட்டதாகச் சொல்லுதல் எளிதன்று. பற்றுகளுள் நுண்ணியதும் இறுதியில் விடற்பாலதுமாகிய அப்பற்றை அவர் விட்டார்.

அதே வேளையில் உள்ளுணர்வை அவர் கட்டற்றதாக விடவில்லை. உள்ளிருந்து எழுவது மெய்யுணர்வா, ஆசையின் குரலா என்பதை அறிய உரைகல் ஒன்றைத் தந்தார், அதுவே தயவு. எவ்வுணர்வு பிறவுயிரின் துன்பத்தைத் தன் துன்பமாகக் காணச்செய்கிறதோ அதுவே ஏறும் படி. பொறி, மனம், உயிர், ஆன்மா என்னும் நான்கினையும் பற்றிய ஒழுக்கங்களையும் வகுத்தார். நாவலர் தரப்பின் அச்சத்திற்கு இதனினும் சிறந்த விடையில்லை. மூன்று மாதம் கழித்து, 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், சித்திவளாகத்து அறையினுள் புகுந்து கதவை அடைக்கச் செய்தார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர்.

நின்று விளங்கும் பாடம்

சமண நெறியோடு அடிகளார் முற்றும் ஒத்தவர் அல்லர். தனிப்பெருந் தலைவனாகிய இறைவனின் அருளை அவர் வேண்டிநின்றார். சமணமோ உயிர் தன் வினையைத் தானே உதிர்த்து உயர்வதைக் கூறுகிறது. நூல்களைக் குறித்தும் வேறுபாடு உண்டு. பொன்னூர் மலையோடு நினைக்கப்பெறும் குந்தகுந்தர் சமயசாரத்தில் நிச்சய நயம், வியவகார நயம் என இரண்டினைக் காட்டுகிறார். வேற்று மொழியாளன் ஒருவனுக்கு அவன் மொழியாலன்றி எதனையும் உணர்த்த இயலாதது போல, மெய்ம்மையை உணர்த்த வழக்குமொழியும் வேண்டும் என்பது அவர் துணிபு. அடிகளார் ஏறிய ஏணியை விடச் சொன்னார். குந்தகுந்தர் ஏணியை ஏணியென்று அறிந்து ஏறச் சொன்னார். ஏணியே வீடாகாது என்பதில் இருவர்க்கும் வேறுபாடில்லை.

இன்று தைப்பூசத்தன்று வடலூரில் திரைகள் விலகும்போது கைகூப்பிப் பார்ப்போர் பல்லாயிரவர். திருவொற்றியூரிலோ, ஆலைப்புகையும் துறைமுகப் பேரொலியும் சூழ்ந்த அத்தெருக்களில், வடிவுடையம்மை முன் அவருடைய மாலை இன்றும் பாடப்படுகிறது. திரை விலகுவதைக் காண்பது ஒரு நாள் நிகழ்ச்சி. தன் திரையைத் தானே விலக்குவது வாழ்நாட் பணி. திருவிழா நாளில் கோயிலில் ஏற்றும் விளக்குக்கும் அப்பொருளே உண்டு. அவ்வொளியில் அண்டை வீட்டாரின் பசி கண்ணுக்குத் தெரியுமாயின், நற்காட்சி அங்கே தொடங்கிவிட்டது எனலாம்.