உடலும் உடன் தொழுதது: புனித தோமினிக்கின் வாழ்வு

இரவு வழிபாடு முடிந்து துறவியர் அனைவரும் உறங்கச் சென்றுவிட்டனர். இத்தாலியின் பொலோனா நகர ஆலயத்தில் ஒருவர் மட்டும் தங்கிவிட்டார். பீடத்தின் முன் தலை தாழ்த்திக் குனிவார், நெடுஞ்சாண்கிடையாக விழுவார், எழுந்து மண்டியிடுவார், மீண்டும் எழுவார். களைப்பு மேலிட்டால் அங்கேயே தலைசாய்த்துச் சற்றுக் கண்ணயர்வார். விழித்ததும் மறுபடியும் தொடங்குவார். தமக்கென ஓர் அறையோ படுக்கையோ வைத்துக்கொள்ளாத அந்த மகான்தான் புனித தோமினிக். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாமிநாதர் என்றும் அழைப்பர்.

பிரார்த்தனை மனத்தின் செயல்; உடலுக்கு அதில் என்ன பங்கு? தோமினிக் வாழ்ந்த காலத்தில் இது வெறும் தத்துவக் கேள்வியாக இருக்கவில்லை. ஒரு நிலப்பகுதி முழுவதையும் இரண்டாகப் பிளந்த கேள்வியாக இருந்தது.

ஸ்பெயினின் காஸ்டில் பகுதியிலுள்ள காலெருவேகா என்ற சிற்றூரில் சுமார் 1170-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். பலென்சியா நகரில் இறையியல் பயின்றபோது கடும் பஞ்சம் வந்தது. அந்நாளில் நூல்கள் தோல் ஏடுகளில் கையால் எழுதப்பட்டவை, விலை மிக்கவை. தாமே குறிப்புகள் எழுதி வைத்திருந்த அந்த ஏடுகளை அவர் விற்று, ஏழைகளுக்கு உணவளித்தார். உயிருள்ள மனிதர்கள் பசியால் மடியும்போது உலர்ந்த தோல்களைப் படித்துக்கொண்டிருக்க அவர் மனம் ஒப்பவில்லை. பிறரது உடலின் துன்பம் அவருக்கு ஒருபோதும் அற்பமாகத் தோன்றியதில்லை.

பின்னர் ஓஸ்மா நகரப் பேராலயத்தில் குருவாகச் சேர்ந்தார். 1203-ஆம் ஆண்டில் அரசுப் பணி ஒன்றிற்காக ஆயர் தியேகோ டென்மார்க் நாட்டிற்குப் புறப்பட்டபோது தோமினிக்கும் உடன் சென்றார். வழியில், தென் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஒரு விடுதியில் தங்கினர். விடுதிக்காரர் ஆல்பிஜென்சியர் என்ற பிரிவைச் சேர்ந்தவர். ஆன்மா நல்ல இறைவனுடையது, உடலும் பருப்பொருளும் தீய சக்தியின் படைப்பு என்பது அப்பிரிவின் கொள்கை. ஆகவே இயேசு உண்மையான மனித உடல் எடுக்கவில்லை என்றும், மக்களைப் பெறுவது ஆன்மாக்களைச் சிறையிலிடுவது என்றும் அவர்கள் கருதினர். அவர்களுடைய துறவியர் இறைச்சி, முட்டை, பால் அனைத்தையும் விலக்கிக் கடுந்தவம் புரிந்தனர். திருச்சபையின் குருமார் பலரோ செல்வத்தில் திளைத்தனர். மக்கள் யாரை நாடுவர் என்று சொல்லவும் வேண்டுமோ?

தோமினிக் அன்றிரவு உறங்கவில்லை. விடிய விடிய அந்த விடுதிக்காரருடன் உரையாடினார். பொழுது புலர்ந்தபோது அவர் பழைய நம்பிக்கைக்குத் திரும்பியிருந்தார். தோமினிக்கின் வாழ்க்கைப் பணியும் அன்றே தெளிவாயிற்று.

1206 முதல் அவர் அப்பகுதியில் பிச்சையேற்று உண்டு, வெறுங்காலுடன் ஊர் ஊராக நடந்து போதித்தார். 1209-இல் ஆல்பிஜென்சியருக்கு எதிராகப் போர் மூண்டது, நகரங்கள் எரிந்தன, எண்ணற்றோர் மாண்டனர். அந்த இருண்ட ஆண்டுகளிலும் அவர் கைக்கொண்டவை போதனையும் பிரார்த்தனையுமே. 1216 டிசம்பர் 22 அன்று போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியுஸ் அவருடைய துறவற சபைக்கு ஒப்புதல் அளித்தார். மறு ஆண்டே தம்மிடமிருந்த சில துறவியரையும் பாரிஸுக்கும் ஸ்பெயினுக்கும் அனுப்பிவிட்டார்.

அவர் மறைந்து சில பத்தாண்டுகள் கழித்து, பெயர் தெரியாத ஒரு துறவி, அவரை நேரில் கண்டோரின் நினைவுகளைத் திரட்டி, தோமினிக்கின் ஒன்பது பிரார்த்தனை முறைகளைச் சிறு நூலாக எழுதினார். ஒன்பதும் உடலின் நிலைகளே.

பீடத்தின் முன் ஆழ்ந்து குனிதல் முதலாவது. முகம் தரையில் படியக் கிடப்பது இரண்டாவது. இரும்புச் சங்கிலியால் தம்மை அடித்துக்கொள்வது மூன்றாவது. அக்காலத் துறவியரிடையே நிலவிய இக்கடுமை, உடலின் மீது கொண்ட வெறுப்பு அன்று. தம் பாவங்களுக்கும் பிறர் பாவங்களுக்கும் செய்த பரிகாரம். சிலுவையை நோக்கியவாறு பலமுறை எழுந்து மண்டியிடுவது நான்காவது. எதிலும் சாயாமல் நேராக நின்று, திறந்த நூலைப் படிப்பவர்போல் கைகளை மார்பின்முன் விரித்து வைப்பது ஐந்தாவது. இரு கைகளையும் சிலுவைபோல் விரித்து நிற்பது ஆறாவது. பெரியதோர் அருளை வேண்டும்போது மட்டுமே அவ்வாறு செய்தார். வில்லிலிருந்து புறப்படும் அம்பைப்போல் கைகளைத் தலைக்குமேல் கூப்பி நிமிர்வது ஏழாவது. உணவுக்குப்பின் தனியே அமர்ந்து மறைநூலைப் படித்து, அதை வணங்கி முத்தமிடுவது எட்டாவது. வழிநடையில் தோழர்களைவிட்டுச் சற்று விலகித் தியானித்தபடி நடப்பது ஒன்பதாவது.

ஆன்மா உடலை அசைக்கிறது. அசைந்த உடல் திரும்பவும் ஆன்மாவை எழுப்புகிறது. இதுவே அந்நூலின் உட்கருத்து. உடல் தீயவனின் படைப்பு என்று நம்புபவருக்கு உடலால் வணங்குவதில் பொருளில்லை. இறைவனே மனித உடல் ஏற்றார் என்று நம்பிய தோமினிக்கிற்கோ, கையும் காலும் முழங்காலும் ஆலயத்திற்கு வெளியே நிறுத்தப்பட வேண்டியவை அல்ல. வாதங்களால் மறுத்த கொள்கையை அவர் ஒவ்வோர் இரவும் தம் உடலாலேயே மறுத்தார். பிற்காலத்தில் அவருடைய சபையில் சேர்ந்த தத்துவ அறிஞர் தாமஸ் அக்வினாஸ், புற வணக்கம் அக பக்தியைத் தூண்டுவதற்கே என்று விளக்கினார். 1440-களில் அச்சபையின் ஓவியத் துறவி ஃப்ரா ஆஞ்செலிகோ, ஃப்ளாரன்ஸ் நகரின் புனித மாற்கு மடத்தில், இளந்துறவியரின் அறைச் சுவர்களில், சிலுவையின்முன் தோமினிக் வெவ்வேறு நிலைகளில் பிரார்த்திப்பதைத் தீட்டினார்.

1221 ஆகஸ்ட் 6 அன்று பொலோனாவில் தோமினிக் உயிர் நீத்தார். சொந்தப் படுக்கை இல்லாததால் வேறொரு துறவியின் படுக்கையில், மாற்றுடை இல்லாததால் அவருடைய அங்கியில் கிடந்தார். நெடிய இரவுகளில் குனிந்தும் விழுந்தும் எழுந்தும் தொழுத அவ்வுடலைத் தம் சகோதரர்களின் காலடியில் புதைக்கும்படி கேட்டுக்கொண்டார். 1234-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

மனம் வறண்டு, சொற்கள் வராத நாட்கள் எல்லாச் சாதகர்களுக்கும் உண்டு. அந்நாட்களில் உடல் முதலில் வணங்கட்டும். மனம் அதைப் பின்தொடரும்.