அல்போன்ஸ் பேனோ

ரைட் சகோதரரைப் போற்றும் நாம், அவர்க்கு முன்சென்ற பிரெஞ்சு அறிஞர் அல்போன்ஸ் பேனோவையும் நினைத்தல் கடனாகும். 1850-ஆம் ஆண்டில் கடற்படை அட்மிரல் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்த இவர், இடுப்பு நோயால் தந்தையின் தொழிலை மேற்கொள்ள இயலாதவரானார். கடல் மறுக்கப்படவே ஆகாயத்தை நாடினார். முறுக்கிய ரப்பர் இழையே விசையாக, 1871 ஆகஸ்டு 18-ஆம் நாள் பாரிஸ் துய்லெரிப் பூங்காவில் சிறு மாதிரி விமானமொன்றைப் பறக்கவிட்டார். அது பறந்தது 11 விநாடியே. ஆயினும் வாலிலமைந்த சிறு தளத்தினால், செலுத்துவோரின்றித் தானே நிலைகுலையாது பறந்தது. பறத்தலின் தத்துவங்களை ஆராய்ந்து பத்திரிகைகளிலும் எழுதி வந்தார்.

1876-இல் கோஷோ என்பாருடன் கூடி, இருவர் ஏறிச்செல்லத்தக்க விமானத்துக்குப் பேடெண்டு உரிமை பெற்றார். அதனைக் கட்டப் பொருளுதவுவார் இலர். நோயும் ஏளனமும் வருத்த, மனமுடைந்து, 1880 அக்டோபரில் 30 வயதில் தம்முயிரைத் தாமே நீத்தார்.

அந்தோ! அவர் முறைப்படி அமைந்த ரப்பர்விசைப் பொம்மையொன்று 1878-இலேயே அமெரிக்காவில் ரைட் சிறுவர் கைகளை அடைந்து, அவர்தம் உள்ளத்தில் பறக்கும் ஆசையை விதைத்திருந்தது. அதனை அவர்க்கு உரைப்பார் எவருமிலர். அன்பர்காள், நம்மருகே தளர்ந்திருப்பார் எவரேனும் உளராயின், அவர் உழைப்பு வீண்போகாதென்று இன்றே சென்று சொல்லுவோமாக.