விரல்நுனி எழுத்து

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் ஏறினால் வெள்ளிமலை வரும். அம்மலைப்பகுதிப் பள்ளியில் பார்வையற்ற மாணவர் ஒருவர் ஏனையோருடன் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்பது இன்று அவரது உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை வழங்கியுள்ளது. அவர் தடவிப் படிக்கும் புள்ளியெழுத்தை உருவாக்கியவரும் ஒரு சிற்றூரின் பொதுப்பள்ளியில்தான் கல்வியைத் தொடங்கினார்.

லூயி பிரெயில் 1809, சனவரி 4 அன்று பிரான்சு நாட்டின் கூப்வ்ரே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடுகையில், தோல் துளைக்கும் ஊசி ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் மற்றொரு கண்ணையும் பற்ற, ஐந்து வயதிற்குள் பார்வை முற்றிலும் நீங்கியது. பார்வையற்ற ஏழையர் பலருக்கு இரத்தலே பிழைப்பாக இருந்த காலம் அது. பெற்றோர் அதற்கு இசையவில்லை. தந்தை மரப்பலகையில் ஆணிகளை எழுத்துவடிவில் அறைந்து மகனைத் தடவி அறியச் செய்தார். ஊர்ப் பாதிரியார் முயன்று அவரைப் பள்ளியில் சேர்ப்பித்தார். அண்டைவீட்டுச் சிறுவன் ஒருவன் கைப்பிடித்து அழைத்துச் சென்றான்.

கேட்டவற்றை நினைவில் நிறுத்தி விடையளித்த லூயி, விரைவில் வகுப்பின் முன்னணி மாணவர் ஆனார். இரக்கத்தால் இடமளித்த ஊர் அவரது அறிவை மதிக்கத் தொடங்கியது. ஆயினும், பிறர் புத்தகத்தை விரிக்கும் வேளையில் அவர் வாளாவிருக்க நேர்ந்தது. இருக்கை கிடைத்தது, எழுத்து கிடைக்கவில்லை.

1819இல் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த புடைப்பெழுத்து நூல்கள் மிகச் சிலவே. அவற்றைப் படிக்கலாம், அவ்வாறு எழுத இயலாது. சார்லசு பார்பியே வகுத்த பன்னிரு புள்ளி முறையை அப்பள்ளி அறிந்தது. ஒரு விரல்நுனியில் அடங்காத அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கி, 1824இல், தம் பதினைந்தாம் வயதில், புதிய எழுத்தை அமைத்தார் லூயி. 1829இல் அது நூலாக வெளிவந்தது.

பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். ஆனால் 1840இல் பொறுப்பேற்ற தலைவர் அவ்வெழுத்தை விலக்கினார். தனியெழுத்து பார்வையற்றோரைப் பிறரிடமிருந்து பிரித்துவிடும் என்பது எதிர்த்தோர் கருத்து. கேட்பதற்கு நல்லெண்ணமாகவே தோன்றும். படிக்கவேண்டிய விரல்களை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. மாணவர்களோ மறைவாகப் புள்ளி குத்திப் பயின்றனர். நாளடைவில் தடை தளர்ந்தது.

காசநோயால் 1852, சனவரி 6 அன்று லூயி மறைந்தார். ஈராண்டு கழித்தே அப்பள்ளி அவரது எழுத்தை முறைப்படி ஏற்றது. இந்திய மொழிகளுக்குரிய பொதுவான பாரதி பிரெயில் 1951இல் அமைந்தது. தமிழும் அவ்வாறு புள்ளிகளில் ஏறியது. மறு ஆண்டு, பிரான்சு அவரது உடலைப் பாரிசிலுள்ள சான்றோர் நினைவாலயத்திற்கு மாற்றியது. கைகளை மட்டும் கூப்வ்ரே தன்னிடமே வைத்துக்கொண்டது.