பிள்ளை பெறுவதை யார் முடிவு செய்வது? கருக்கலைப்புச் சட்டத்துக்கு 40 வருஷம் முன்பே கேட்ட பெரியார்

கருக்கலைப்பு வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போகும்போதெல்லாம் நாட்டில் விவாதம் கிளம்பிவிடும். எத்தனை வாரம் வரை அனுமதி, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு உண்டா, கணவர் கையெழுத்து வேணுமா என்று கேள்விகள் நீளும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்வது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை 1930-ஐ ஒட்டி பத்திரிகையில் வெளிப்படையாக எழுப்பியவர் பெரியார் ஈ.வெ.ராமசாமி. அவர் பேசியது பெரும்பாலும் கர்ப்பத்தடை பற்றி. கருக்கலைப்புச் சட்டத்துக்காகத் தனிப் போராட்டம் எதுவும் அவர் நடத்தவில்லை. ஆனால் கர்ப்பத்தடைக்கு அவர் சொன்ன காரணம்தான் இன்றைய விவாதத்தின் மையத்துக்கு வந்திருக்கிறது. அது எப்படி?

ஈரோட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை

1879 செப்டம்பர் 17-ம் தேதி ஈரோட்டில் பிறந்தார் ராமசாமி. வசதியான, பக்தியான வியாபாரக் குடும்பம். படிப்பு சில வருஷங்களோடு நின்றது. சின்ன வயசிலேயே மண்டியில் உட்கார்ந்துவிட்டார்.

1898-ல் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 19 வயசு, மணப்பெண் நாகம்மைக்கு 13. அந்தக் காலத்தில் இது யாருக்கும் வினோதமாகத் தெரியவில்லை. அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்தே மாதத்தில் இறந்துபோனது. அதற்குப் பிறகு குழந்தை இல்லை.

இதே குடும்பத்தில் இன்னொரு சம்பவம். பெரியாரின் சகோதரி மகள் சிறு வயதிலேயே விதவையானார். அப்போதைய வழக்கப்படி அந்தப் பெண்ணின் வாழ்க்கை அதோடு முடிந்த மாதிரிதான். சொந்தபந்தம் எதிர்த்தும் அவருக்கு மறுமணம் செய்து வைத்தார் பெரியார். கட்சி, இயக்கம் என்று எதுவும் தொடங்காத காலத்திலேயே நடந்தது இது.

பிறகு ஈரோடு நகராட்சித் தலைவர், காங்கிரஸ்காரர், 1924-ல் வைக்கம் போராட்டம் என்று அரசியல் வாழ்க்கை நகர்ந்தது. நாகம்மையும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். வைக்கத்துக்கும் போனார்கள். 1925-ல் குடிஅரசு வார இதழைத் தொடங்கினார் பெரியார். அதே வருஷம் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெண்களுக்கு சொத்தில் சம உரிமை, கல்யாண பந்தத்தில் இருந்து விலகும் உரிமை, பெண்ணின் திருமண வயது 16-க்கு மேல் என்றெல்லாம் அங்கே தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் மகள்களுக்கு பூர்வீக சொத்தில் சம பங்கு தரும் சட்டம் 1989-ல்தான் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 60 வருஷம்.

குடிஅரசு கிளப்பிய சர்ச்சை

கர்ப்பத்தடை என்ற விஷயத்தை அப்போது பெரியார் மட்டும் பேசவில்லை. பம்பாயில் ஆர்.டி.கார்வே 1921-லேயே ஆலோசனை மையம் தொடங்கியிருந்தார். சென்னையில் 1928-ல் நியோ மால்தூசியன் லீக் என்ற சங்கம் உருவானது. நீதிபதி, வழக்கறிஞர் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். மைசூர் சமஸ்தானம் 1930-ல் அரசு கிளினிக்குகளே திறந்தது.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. கருத்தடைச் சாதனங்கள் வேண்டாம், சுயகட்டுப்பாடுதான் வழி என்றார் காந்தி. அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் 1935 டிசம்பரில் வார்தாவுக்கே வந்து பேசியும் அவர் நிலை மாறவில்லை.

ஆதரித்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? ஜனத்தொகை பெருகுகிறது, நாடு ஏழையாகிறது, தாயின் உடம்பு கெடுகிறது, பிள்ளைகள் நோஞ்சானாகப் பிறக்கின்றன, குடும்பச் சொத்து சிதறுகிறது. இவையெல்லாம் நாட்டையோ குடும்பத்தையோ உடல்நலத்தையோ முன்னிட்ட காரணங்கள்.

குடிஅரசு கட்டுரையில் இந்தப் பட்டியலை எடுத்துவைத்துவிட்டு, தன் காரணம் வேறு என்றார் பெரியார். பெண் சுதந்திரமாக வாழ வேண்டும், அதற்காகத்தான் கர்ப்பத்தடை என்பது அவர் வாதம். அடுத்தடுத்த பிரசவம் ஒரு பெண்ணை வீட்டோடும் ஆணோடும் கட்டிப்போடுகிறது. படிப்பு, சம்பாத்தியம், பிடிக்காத கணவனை விட்டு விலகும் தைரியம் எல்லாமே அதனால் போகிறது என்று அவர் விளக்கினார்.

பிள்ளை பெறுவதுதான் விடுதலைக்குத் தடை என்றால் பெண்கள் அதையே நிறுத்திவிடலாம் என்ற அளவுக்கு இன்னொரு கட்டுரையில் போனார். அப்படியென்றால் உலகம் என்னாவது என்று கேட்டவர்களிடம், உலகம் பெருகாவிட்டால் பெண்களுக்கு என்ன நஷ்டம் என்று திருப்பிக் கேட்டார். இந்தக் கட்டுரைகள் சேர்ந்துதான் பெண் ஏன் அடிமையானாள் என்ற புத்தகமாக வந்தன. கற்பு, காதல், மறுமணம், சொத்துரிமை வரிசையில் கர்ப்பத்தடையும் அதில் ஒரு அத்தியாயம்.

1931 டிசம்பரில் கிளம்பி ஏறத்தாழ ஒரு வருஷம் ஐரோப்பாவைச் சுற்றினார். சோவியத் ரஷ்யாவில் சில மாதங்கள் தங்கினார். 1920-லேயே கருக்கலைப்பைச் சட்டப்பூர்வமாக்கிய நாடு அது. அதே நாடு 1936-ல், பிள்ளைகள் நிறைய வேண்டும் என்று அதைத் தடையும் செய்தது. அரசின் தேவைக்காகக் கொடுத்த உரிமையை அரசின் தேவைக்காகவே பறிக்க முடியும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

ஊர் திரும்பிய சில மாதங்களில், 1933 மே மாதம், நாகம்மை காலமானார். 1938 நவம்பர் 13-ம் தேதி சென்னையில் தமிழ்நாடு பெண்கள் மாநாடு நடந்தது. தலைமை நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.ரா.வைப் பெரியார் என்று அழைக்க வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேறியது அங்கேதான்.

விமர்சனம் இல்லையா?

உண்டு. 1949 ஜூலையில் 69 வயதான பெரியார், தன்னைவிட சுமார் 40 வயது இளையவரான மணியம்மையைத் திருமணம் செய்தார். பொருந்தாக் கல்யாணத்தை எதிர்த்தவரே இப்படிச் செய்யலாமா என்று சொந்தத் தொண்டர்களே கேட்டார்கள். இயக்கத்தைப் பாதுகாக்க சட்டப்படி ஒரு வாரிசு தேவை என்பது அவர் தரப்பு விளக்கம். பலர் அதை ஏற்கவில்லை. அதே செப்டம்பரில் அண்ணா தலைமையில் தி.மு.க. பிறந்தது.

1971 சட்டம் எதற்காக வந்தது?

1860-ல் வெள்ளைக்காரர்கள் போட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவுப்படி கருக்கலைப்பு குற்றமாக இருந்தது. தாயின் உயிரைக் காப்பாற்றுவது மட்டும் விதிவிலக்கு. தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு. அதனால் பெண்கள் கள்ளத்தனமான வழிகளைத் தேடினார்கள். உயிரிழப்பும் நடந்தது.

இதை ஆராய 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் குழு போட்டது மத்திய அரசு. 1966-ல் அறிக்கை வந்தது. 1971 ஆகஸ்டில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பெரியார் அப்போது உயிரோடு இருந்தார்.

ஆனால் சட்டம் வந்த வழி அவர் சொன்ன வழி அல்ல. தாயின் உடல்நலம், மனிதாபிமானம், குழந்தைக்கு ஊனம் வரும் ஆபத்து ஆகியவைதான் அதற்குச் சொன்ன காரணங்கள். ஜனத்தொகைக் கவலையும் பின்னால் இருந்தது. பெண்ணின் உரிமை மையமாக இல்லை. கருத்தடை பலிக்காமல் உண்டான கர்ப்பத்தைக் கலைக்கலாம் என்ற பிரிவுகூட கல்யாணமான பெண்ணுக்கும் அவர் கணவருக்கும் மட்டும் என்றே எழுதப்பட்டது.

காரணம் எதுவா இருந்தா என்ன, சட்டம் வந்துச்சே என்று கேட்கலாம். 1975-77 எமர்ஜென்சியில் அதற்குப் பதில் கிடைத்தது. ஜனத்தொகையைக் குறைப்பது மட்டுமே குறியானபோது, வட மாநிலங்களில் ஆட்களைப் பிடித்துப்போய் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். யாருடைய விருப்பத்தையும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பாடம் உண்டு. பிறப்பு விகிதம் இங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்வது 1 சதவீதம்கூட இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தாலும் சுமை பெண் மீதுதான்.

இன்னொரு பக்கம், பெண் சிசுவை வயிற்றிலேயே கண்டுபிடித்துக் கலைக்கும் கொடுமை. அதைத் தடுக்க 1994-ல் தனிச் சட்டம் வந்தது. ஆண் பிள்ளை வேண்டும் என்று குடும்பம் நெருக்கும் இடத்தில் பெண் எடுக்கும் முடிவு அவளுடையதுதானா என்ற கேள்வியும் இதில் இருக்கிறது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும், மேனாம்பேட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் கல்யாணமாகாத ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடை பலிக்காமல் கர்ப்பமானால், 1971 சட்டத்தின் அந்தப் பிரிவில் அவருக்கு இடமே இல்லை.

2021 திருத்தத்தில் இது மாறியது. கணவர் என்ற சொல் போய் துணை என்ற சொல் வந்தது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, குறிப்பிட்ட சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். 24 வாரத்தைத் தாண்டினால், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் அனுமதி உண்டு.

2022 செப்டம்பர் 29-ம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. 24 வார வரம்பில் மணமான பெண், மணமாகாத பெண் என்ற பாகுபாடு கூடாது என்றது. கணவர் செய்யும் பலாத்காரத்தால் உண்டான கர்ப்பத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்றது. தன் உடல் மீது முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை.

கவனிக்க வேண்டியவை:

18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர், பெற்றோர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பெண்ணின் பெயரையும் விவரத்தையும் ரகசியமாக வைக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற இடத்தில், தகுதியுள்ள டாக்டர்தான் செய்ய வேண்டும்.

ஆனாலும் கேட்டதும் கிடைக்கும் உரிமையாக இது இன்னும் ஆகவில்லை. கடைசி வார்த்தை டாக்டரிடமோ வாரியத்திடமோதான் இருக்கிறது. 2023 அக்டோபரில் 26 வாரக் கர்ப்பத்தைக் கலைக்கக் கேட்ட மணமான பெண்ணுக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. வளர்ந்துவிட்ட கருவுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிடுபவர்கள் இதை வரவேற்றார்கள்.

அமெரிக்காவில் 1973 ஜனவரியில் ரோ வழக்குத் தீர்ப்பு கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமை ஆக்கியது. 2022 ஜூனில் அதே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரோ தீர்ப்பு வந்த அதே வருஷம், டிசம்பர் 24-ம் தேதி, வேலூரில் 94 வயதில் பெரியார் மறைந்தார். ஜனத்தொகை கூடுகிறது என்ற கவலை போய், குறைகிறது என்ற கவலை இப்போது தமிழ்நாட்டு மேடைகளில் கேட்கிறது. பிள்ளை பெற வேண்டாம் என்று அரசு சொன்ன காலம் போல, நிறைய பெறுங்கள் என்று சொல்லும் காலமும் வரலாம். இரண்டிலும் பெண்ணின் விருப்பம் கணக்கில் வருகிறதா என்பதுதான் பெரியார் அன்று எழுப்பிய கேள்வி.